‘ச்சோய்’ என்றால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

சீன மொழி பேசுவோருக்கான சுகாதார நம்பிக்கைக் கேள்வித்தாளைத் தயாரிக்கும் சிங்கப்பூர் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தாதி. ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள், வீடு வீடாகப் போய்க் கருத்தாய்வுக் கேள்விகள் கேட்கும் பகுதிநேர வேலை பார்த்தேன். தமிழச்சிக்குச் சீனக் கேள்வித்தாளில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நான் வளர்ந்த புளோக்கில் எங்கள் மாடியில் இரண்டே வீடுகள் தமிழர்கள், மற்றதெல்லாம் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி பேசுபவர்கள். அம்மா வேலைக்குப் போன நாட்களில் பக்கத்து வீட்டு ஆ மா, அதாவது சீனப் பாட்டி, அவர்தான் எனக்குக் கஞ்சி ஊற்றுவார். மாண்டரின் எனக்கு அரைகுறை. ஹொக்கியன் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் மாண்டரின் பேசும் ஓர் இளம்பெண்ணோடு என்னை ஜோடி சேர்த்து அனுப்பினார்கள். அவள் தாளை வாசிப்பாள். எதிரில் இருக்கும் முதியவர் விழித்தால் நான் ஹொக்கியனில் எடுத்துச் சொல்வேன்.

இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் மேசைக்குத் தனியாக வந்திருக்கும். தமிழிலும் எழுத ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சமையலறை. சனிக்கிழமை காலை. மேசைமேல் பழைய செய்தித்தாள், அதன்மேல் ஒரு குவியல் முளைப்பயறு. ஆன்ட்டிக்கு எழுபதை ஒட்டி இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து வாலைக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டபடியே, “கேளு, கேளு” என்றார். என் கூட்டாளி முதல் வாக்கியத்தை வாசித்தாள்: ‘எனக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.’ ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.

கிள்ளிய கை நின்றது. “ச்சோய்!” என்றார் ஆன்ட்டி. மேசைக் கட்டையை இரண்டு தட்டுத் தட்டினார். காலங்காத்தாலே வீட்டுக்குள் வந்து என்ன பேச்சுப் பேசுகிறாய் என்று என்னைப் பார்த்துக் கடிந்துகொண்டார். (வாசித்தவள் அவள், திட்டு எனக்கு.) கூட்டாளி தயங்கித் தயங்கி ‘கடுமையாக மறுக்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். வேறென்ன செய்வாள்? தாளில் ‘ச்சோய்’க்குக் கட்டம் இல்லை.

நம் வீடுகளில் ‘வாயைக் கழுவு’ என்பார்களே, அதுதான் ச்சோய். கெட்டதை வாயால் சொன்னால் அது வீடு தேடி வரும்; காதில் விழுந்த மாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். கான்டனீஸ் பேச்சிலிருந்து வந்த சொல் என்றாலும் இந்த ஊரில் ஹொக்கியன்காரர், தியோச்சியூக்காரர் எல்லாரும் சொல்வார்கள். நானே சொல்வேன்.

கேள்விகள் முடிந்து குடும்ப விவரம் எழுதும்போதுதான் தெரிந்தது. ஆன்ட்டியின் அக்கா மார்பகப் புற்றுநோயில்தான் இறந்திருக்கிறார். ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க இவர் தவறியதே இல்லை. அடுத்த முறைக்கான கடிதத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். தனக்கு ஆபத்து அதிகம் என்பது அந்த வீட்டில் அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. உங்கள் தரவில் அவர் யார்? ‘ஆபத்து தனக்கு இல்லை என்று நம்புபவர், ஆனாலும் பரிசோதனைக்குப் போகிறவர்.’ இப்படிப் பத்து ஆன்ட்டிகள் சேர்ந்தால், சீனப் பெண்களிடம் ஆபத்துணர்வுக்கும் பரிசோதனைக்கும் பெரிய தொடர்பில்லை என்று ஒரு முடிவு வரும். அச்சிலும் ஏறும்.

கேள்வித்தாளை நான் குறை சொல்லவில்லை. அதன் பூர்வீகத்தைப் படித்துப் பார்த்தேன். மதிப்பு கூடத்தான் செய்தது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் இருந்த உளவியலாளர்கள் சிலருக்கு ஒரு புதிர். காசநோய்க்கான மார்பு எக்ஸ்ரே இலவசம்; வண்டியே தெருவுக்கு வந்து நிற்கிறது; ஆனாலும் மக்கள் வரவில்லை. ஏன்? ஹாக்பாம் என்பவர் மூன்று நகரங்களில் 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார். எனக்கு இது வரக்கூடும், முன்கூட்டியே கண்டுபிடித்தால் நன்மை உண்டு என்று இரண்டையும் நம்பியவர்களில் 82 விழுக்காட்டினர் தாமாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 விழுக்காடுதான். அங்கிருந்து கிளைத்ததுதான் ரோசன்ஸ்டாக்கும் மற்றவர்களும் வளர்த்த சுகாதார நம்பிக்கை மாதிரி: எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், பரிசோதித்தால் என்ன பயன், என்ன தடை, எது என்னைக் கிளப்பிவிடும். ‘என்னால் முடியும்’ என்ற துணிவை 1988இல் சேர்த்தார்கள். மார்பகப் பரிசோதனைக்கென்று 1984இல் விக்டோரியா சாம்பியன் என்ற தாதியியல் ஆய்வாளர் இந்த மாதிரியை வாக்கியங்களாக்கினார். ஒரு தாதி செய்த வேலை என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

ஆக, அடிமரம் நல்ல மரம். கேள்வி, அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து நடுகிற விதத்தைப் பற்றியது.

நீங்கள் நடும் முறை எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினீர்கள். ஒருவர் ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் சீனத்திலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பீர்கள். பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதி வைத்த வழி, இன்றைக்கும் எல்லோரும் நடக்கிற வழி. பெரிய பிழைகளை அது பிடித்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் போன வேகத்தில் திரும்பி வருகிற சொல்லெல்லாம் போன இடத்தில் இறங்கிவிட்டுத்தான் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? மொழிபெயர்த்தவர்கள் இருவரும் இரு மொழியும் படித்த பட்டதாரிகள். சீன வாக்கியத்துக்கு அடியில் இருக்கும் ஆங்கிலம் அவர்களுக்குக் கண்ணாடி போலத் தெரியும். முளைப்பயறு கிள்ளும் ஆன்ட்டிக்கு அது தெரியாது. அவர் பார்ப்பது சீனத்தை மட்டும்.

‘சரிவிகித உணவு சாப்பிடுகிறேன்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போனது, அப்படியே திரும்பி வந்தது, நூற்றுக்கு நூறு. நான் கேட்ட ஓர் அங்கிள், “ஐந்து! ஐந்து போடு!” என்றார். விளக்கமும் கொடுத்தார்: டுரியான் சாப்பிட்டால் உடனே மங்குஸ்தீன் சாப்பிடுவாராம். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி. பொரித்த கோழி சாப்பிட்ட நாளில் செவ்வந்திப்பூத் தேநீர். அவரளவில் விகிதம் கச்சிதம். உடம்பில் சூடு ஏறிவிடுவதை மாண்டரினில் ‘ஷாங் ஹுவோ’ என்பார்கள், தீ மேலேறுகிறது என்று பொருள். வாய்ப்புண், தொண்டைக் கட்டு, முகப்பரு, மலச்சிக்கல் எல்லாம் அந்தத் தீயின் வேலை. என் கூட்டாளி சீனாவில் பிறந்து படித்தவள், அவளுக்கும் இது புரியும். ஆனால் ‘அறிவியல் கேள்வித்தாளில் இதையெல்லாம் எழுதக் கூடாது அக்கா’ என்றாள். எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்று கேட்டே வளர்ந்தவள் நான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘மருந்து’. இரண்டாவதாக நான் வேலை பார்த்த ஆய்வு, நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களிடம் மருந்துகள் பற்றிய நம்பிக்கையைக் கேட்டது. ‘மருந்துகளைவிட இயற்கை வைத்தியம் பாதுகாப்பானது.’ ‘மருத்துவர்கள் அளவுக்கு மேல் மருந்து கொடுக்கிறார்கள்.’ இந்த மாதிரி. சீனத்தில் மருந்துக்கு ‘யாவ்’. பனடால் மாத்திரையும் யாவ்தான், மூலிகைக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வேரும் பட்டையும் யாவ்தான். சோங்யாவ் என்றால் சீன மருந்து, சீயாவ் என்றால் மேல்நாட்டு மருந்து. முன்னால் எதுவும் ஒட்டாமல் வெறும் ‘யாவ்’ என்று கேட்டால், பதில் சொல்பவர் தன் மனத்தில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதை வைத்துச் சொல்வார். ஓர் அங்கிள் என்னைத் திருப்பிக் கேட்டார்: “எந்த மருந்து? அங் மோ மருந்தா, நம்ம மருந்தா?” அங் மோ என்றால் வெள்ளைக்காரர். நான் தாளைப் பார்த்தேன். தாள் சொல்லவில்லை. “பொதுவா, அங்கிள்” என்றேன். “பொதுவான மருந்து எங்கே விற்கிறது?” என்றார்.

பிறகு அவரே ஆற அமரச் சொன்னார். மேல்நாட்டு மருந்து வேகம், ஆனால் நுனியை மட்டும் வெட்டும். சீன மருந்து மெதுவு, வேரைப் பிடிக்கும். அவர் இரண்டையும் சாப்பிடுகிறார், நடுவில் இரண்டு மணி நேரம் விட்டு. பலதுறை மருந்தகத்து மருத்துவரிடம் அதைச் சொன்னதில்லை, அவர் கேட்கவில்லையாம். மகள் வாரம் ஒருமுறை வைக்கும் கருங்கோழி சூப்பில் என்னென்ன மூலிகை போகிறது என்று கேட்டேன். நான்கைந்து பெயர் சொன்னார். அது மருந்தில்லையா என்றேன். “அது சூப்” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஆக, ‘மருந்து பாதுகாப்பானதா’ என்ற ஒரு வரிக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருந்தன. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் பெரும்பாலும் மருந்துச்சீட்டு மாத்திரைதான் நினைவுக்கு வரும் என்பதால் அங்கே அது ஒரே கேள்வி. 1867இல் தொடங்கி இன, மத வேறுபாடில்லாமல் இலவசச் சீன வைத்தியம் பார்த்துவரும் தோங் சாய் மருத்துவ நிலையம் இருக்கிற ஊர் இது. 2000இலிருந்து சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே ‘இயற்கை வைத்தியம்’ என்பது மாத்திரைக்கு எதிர்க்கட்சி அல்ல. அதே மேசையில், அதே மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எந்தச் சீனம் என்ற கேள்வியும் இருக்கிறது. முதல் வரைவில் மேமோகிராமுக்கு ‘மு பா’ என்று போட்டிருந்தீர்கள். சீனாவில் அப்படித்தான் சொல்வார்களாம்; எக்ஸ்ரே குழாயில் இருக்கும் மாலிப்டினத்தைக் குறித்து வந்த பெயர். இங்கே ஓர் ஆன்ட்டி, அது என்ன புதுக் கடையா என்று கேட்டார். மார்பகப் புற்றுநோய்க்குச் சீனாவில் ‘ரூ சியென் ஐ’, இங்கே ‘ரூ ஐ’ போதும். சந்தைக்கு இங்குள்ள மாண்டரினில் ‘பாஷா’, மலாய் பாசாரிலிருந்து வந்தது. தைவானிலும் ஹாங்காங்கிலும் அமெரிக்கச் சீனப் பெண்களிடையேயும் ஏற்கெனவே சோதித்த பதிப்புகள் உண்டு என்று எனக்குத் தெரியும். அவற்றை எடுத்துக் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி, பழைய முழு எழுத்தை எளிய எழுத்தாக மாற்றிவிட்டால் அது சிங்கப்பூர்ப் பதிப்பு ஆகிவிடாது. எழுத்து மட்டும்தான் ஊர் மாறியிருக்கும்.

எழுத்தாவது பரவாயில்லை. எழுத்தே படிக்காதவர்களை என்ன செய்தோம்? 1979இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் வந்தபோது நடுவயதைத் தொட்டுவிட்டவர்கள், வீட்டில் ஹொக்கியனும் தியோச்சியூவும் கான்டனீஸும் ஹைனானீஸுமே பேசி முதுமைக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடப் பக்கமே போகாத பெண்கள், இவர்களுக்குத்தான் நீங்கள் கேட்கும் நோயெல்லாம் அதிகம் வருகிறது. அவர்களிடம் எழுத்து மாண்டரினை வாசித்தால் வானொலிச் செய்தி கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அப்போது நான் நுழைவேன். நான் சொன்ன ஹொக்கியன் வாக்கியத்தை யார் சரிபார்த்தார்கள்? யாருமில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரி சொல்லியிருப்பேன், வெள்ளிக்கிழமை வேறு மாதிரி. இன்னொரு ஜோடியில் இருந்தவர் மூன்றாவது மாதிரி சொல்லியிருப்பார். உங்கள் ஆய்வுக் கட்டுரையில் ‘சீனப் பதிப்பு’ என்று ஒன்றுதான் இருக்கிறது. தெருவில் எத்தனை இருந்தன என்று எனக்கே கணக்குத் தெரியாது. மாண்டரினுக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர், ஒரு நிபுணர் குழு, பல சுற்றுக் கூட்டம். ஹொக்கியனுக்கு நான், நின்ற நிலையில். இது எனக்குப் பெருமையாக இல்லை. பல இரவு உறுத்தியிருக்கிறது.

ஒன்றிலிருந்து ஐந்து வரை என்ற அளவுகோலும் அப்பாவி அல்ல. காட்டும் அட்டையில் 4க்கு நேராக ‘ஒப்புக்கொள்கிறேன்’. நான்கு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் மாண்டரினிலும் ஹொக்கியனிலும் கான்டனீஸிலும் ஏறக்குறைய ஒரே ஒலி. வண்டி எண்ணிலும் மாடி எண்ணிலும் 4ஐத் தவிர்ப்பவர்களிடம், புற்றுநோய் பற்றிய கேள்விக்கு “நான்கு” என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறோம். எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் கண்முன் விரல் 4க்குப் போய் 5க்கு நகர்ந்ததை நான் பார்த்தது சில வீடுகளில்தான். ஆனால் விலைகொடுத்துத் திருத்த வேண்டிய குறையா இது? எண்ணை எடுத்துவிட்டு வட்டங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் தீர்ந்தது.

நடுக்கட்டம் இன்னொரு கதை. 1995இல் ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, கிழக்காசிய மாணவர்கள் நடுப்புள்ளியைக் கொஞ்சம் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றது. பெரிய வித்தியாசமில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. நான் பார்த்த மூத்தவர்களிடம் 3 என்பதற்குக் குறைந்தது மூன்று பொருள் இருந்தன: தெரியாது; தெரியும், ஆனால் உன்னிடம் சொல்ல மாட்டேன்; மகளைக் கேட்டுத்தான் சொல்வேன்.

எதிர்மறை வாக்கியம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். ‘மேமோகிராம் எடுக்க எனக்கு நேரம் இல்லை.’ ஆன்ட்டி, “போ லா” என்கிறார். ஹொக்கியனில் ‘போ’ என்றால் இல்லை. நேரம் இல்லை என்கிறாரா? நீ சொல்வது இல்லை என்கிறாரா? ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இந்தக் குழப்பம் விளங்குவது கடினம். ‘நேரம் இல்லையா?’ என்று நம் பாட்டியிடம் கேட்டு, அவர் ‘இல்லை’ என்றால் நமக்கு விளங்குவதுபோலத்தான் இது: முகத்தைப் பார்த்து, தொனியைக் கேட்டு. தாளுக்கு முகம் தெரியாது. ‘சாத்தியம்’ என்பதற்கும் ‘பெரும்பாலும் நடக்கும்’ என்பதற்கும் சேர்த்து ‘கோநெங்’ என்ற ஒரே சொல்லைப் போட்டதையும் இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் வரலாம்தானே என்ற பொருளில் ஆம் என்றவரும், எனக்குக் கண்டிப்பாக வரும் என்று பயந்தவரும் ஒரே கட்டத்தில் போய் விழுந்தார்கள்.

இத்தனையையும் மீறி உங்கள் எண்கள் அழகாக வந்தன என்று கேள்விப்பட்டேன். விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7ஐத் தாண்டிவிட்டது, உள்ளிசைவு நன்று என்று எங்களுக்குக்கூட ஒரு மின்னஞ்சல் வந்தது, நன்றி சொல்லி. எனக்குப் புள்ளியியல் பெரிதாகத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்த தாதியை ஏமாற்றம் அடையவிடக் கூடாது என்று எல்லா வாக்கியத்துக்கும் “ஹோ, ஹோ” என்று தலையாட்டிய ஆன்ட்டிகளை எனக்குத் தெரியும். (ஹொக்கியனில் ஹோ என்றால் நல்லது.) எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலத் தலையாட்டினாலும் விடைகள் ஒன்றோடொன்று இசையும், ஆல்ஃபா ஏறும். மரியாதையை அளந்துவிட்டு நம்பிக்கை என்று பெயர் எழுதிவிட்டோமோ என்று எனக்கு ஐயம்.

விதி பற்றிய கேள்விகளில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். ‘நோய் வருவதும் போவதும் விதிப்படி’ என்ற வாக்கியத்துக்குச் சீன முதியவர்கள் நிறையப் பேர் ஆம் என்கிறார்கள். உடனே அறிக்கையில் ‘விதிவாத மனப்பான்மை பரிசோதனைக்குத் தடை’ என்று ஒரு வரி. 1978இல் வால்ஸ்டன் என்ற ஆய்வாளர் தம்பதியர் இந்த வகைக் கேள்விகளைச் செய்தபோது என் கையில் இருப்பது, மருத்துவர் போன்ற பெரியவர் கையில் இருப்பது, தற்செயல் என்று மூன்றையும் மூன்று தனிக் கணக்காகத்தான் வைத்தார்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்று இல்லை. படிக்கிற நாம்தான் அப்படிப் படிக்கிறோம். சீனத்தில் ஒரு பழமொழி: மனிதர் செய்ய வேண்டியதைச் செய்து முடி, பிறகு வானத்தின் விதிக்குக் காது கொடு. ‘நம்ம கையில இருக்கிறதைச் செய்வோம், மத்தது ஆண்டவன் விட்ட வழி’ என்று சொல்லிக்கொண்டே மாத்திரையை விழுங்குகிற நம் வீட்டுப் பெரியவரும் இதே ஆள்தான். கேள்வித்தாள் அந்தப் பழமொழியின் பின்பாதியை மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறது.

‘நான்’ என்று தொடங்கும் வாக்கியங்களைப் பற்றியும் கொஞ்சம். நான் நம்புகிறேன், நான் முடிவு செய்கிறேன், என்னால் முடியும். ஒரு வீட்டில் அம்மாவிடம் கேள்வி கேட்டால் மகள் அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள். விதிமுறைப்படி மகளை அறைக்கு வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பினேன். அம்மா வாயை மூடிக்கொண்டார். பரிசோதனைக்கு நாள் குறிப்பவள் மகள், வாடகை வண்டி பிடிப்பவள் மகள், முடிவு மோசமாக வந்தால் அதை அம்மாவிடம் சொல்லாமல் மறைப்பதும் மகளாகத்தான் இருக்கும். என் தாதி வாழ்க்கையில் ‘அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க’ என்று வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டவர்களுக்குக் கணக்கில்லை. சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லாரும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் அம்மாவின் ‘தன் துணிவு’ மதிப்பெண் எதை அளக்கிறது?

கேட்டுக்கொள்வது இதுதான். ‘யாவ்’ வரும் இடமெல்லாம் எந்த யாவ் என்று எழுதுங்கள். தேவைப்பட்டால் ஒரு கேள்வியை இரண்டாக்குங்கள். மூலத்தில் இல்லாத கேள்வியைச் சேர்த்தால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது என்பீர்கள். ஒப்பிட வேண்டியவற்றைத் தனியாக வைத்துக்கொண்டு, சூடு குளிர்ச்சி பற்றியும் யார் அழைத்துப்போவார் என்பது பற்றியும் உள்ளூர்ப் பகுதி ஒன்றைப் பின்னால் இணைக்கலாமே. ஆபத்துக் கேள்வியை முதலில் வைக்காதீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் ‘உனக்குப் புற்றுநோய் வருமா’ என்றா கேட்பது? சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள், இந்த ஊரில் அதுதான் வணக்கமே. பிறகு ‘உங்கள் வயதுள்ள பெண்களுக்கு’ என்று தள்ளி வைத்துக் கேட்டுவிட்டு, அவரிடம் வாருங்கள். ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் மூன்றுக்கும் ஒரே குரலில், சரிபார்த்த ஒலிப்பதிவு செய்து எங்கள் கையில் கொடுங்கள். எழுத்து இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே.

எல்லாவற்றுக்கும் முன்னால், தாளை இறுதி செய்யும் முன், பத்துப் பதினைந்து மூத்தவர்களிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து, ‘இதை நான் கேட்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது?’ என்று கேளுங்கள். உங்கள் வழிகாட்டி நூல்களிலேயே இந்தப் படி இருக்கிறது. நான் வேலை பார்த்த இரண்டு ஆய்விலும் அதற்கு ஒரு பிற்பகல்தான் ஒதுக்கினார்கள். வந்து உட்கார்ந்தவர்களும் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் இளையவர்கள். டுரியான் அங்கிள் அன்று அங்கே இருந்திருந்தால் சரிவிகித உணவு ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

தமிழில் எழுதிய காரணத்தைச் சொல்கிறேன் என்றேன். சீனப் பதிப்பு முடிந்ததும் மலாய்ப் பதிப்பு, அதன்பின் தமிழ்ப் பதிப்பு; வழக்கமாக நாங்கள்தான் கடைசி, நேரமும் பணமும் தீர்ந்த பிறகு. சீனத்தில் ஒரு வாக்கியத்துக்கு என்ன முடிவெடுத்தீர்களோ அதே அச்சில்தான் தமிழும் வார்க்கப்படும். அப்போது கதவைத் திறக்கப்போவது இதைப் படிப்பவர்களின் அம்மாவும் அத்தையும் தாத்தாவும். ‘உங்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு’ என்று நான் வாசிக்க, என் பெரியம்மா ‘வாயில நல்ல வார்த்தையே வராதா?’ என்று கேட்கும் காட்சி எனக்கு இப்போதே தெரிகிறது. அதற்கும் கட்டம் இருக்காது.

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. ‘ச்சோய்’ சொன்ன இடம், மேசையைத் தட்டிய இடம், மகள் குறுக்கிட்ட இடம், சிரித்த இடம் எல்லாம் கேள்வி எண்ணோடு குறித்து வைத்திருக்கிறேன். பெயரோ முகவரியோ அதில் கிடையாது. தாளில் ஓரக்குறிப்பு எழுதக் கூடாது, தரவு கெட்டுவிடும் என்று பயிற்சியில் சொன்னதால் தனியாக எழுதினேன். கையெழுத்து சுமார்தான், பாதி தமிழ், பாதி ஹொக்கியனைத் தமிழ் எழுத்தில் எழுதியது. நான் உட்கார்ந்து வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களில் யாராவது வந்தால் எந்த நாளும் சரி. செவ்வாய் காலை மட்டும் முடியாது. கீழே சமூக மன்றத்தில் தைச்சி உடற்பயிற்சி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்
சிங்கப்பூர்